முப்பத்தைந்து நாள்

(புதுக்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் சென்னையில் கதிர்சிகிச்சைத் தொழில்நுட்பராக 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



நான் பிறந்தது ஆலங்குடிப் பக்கம். சிறுவனாக இருந்தபோது அடையாறு என்பது ஓர் இடம் என்றே எனக்குத் தெரியாது. அது ஏதோ நோயின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலத்தெருப் பெரியப்பாவுக்கு உடம்புக்கு என்ன என்று யாராவது கேட்டால், “அடையாறுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டார். வேலை தேடிச் சென்னைக்குப் போன புதிதில் ஒரு டவுன் பஸ்ஸின் நெற்றியில் ‘அடையாறு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அந்தப் பஸ்ஸில் ஆட்கள் தொங்கிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

‘பெருநகரத்தில் ஒரு நவீனப் புற்றுநோய் மருத்துவமனை’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நவீனம் என்றதும் மெஷினைப் பற்றிப் பேசப்போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். மெஷின் அறையிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தவன், பேசாமல் இருக்க மாட்டேன். ஆனால் அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் நாள் கணக்கு. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இந்த ஊரில் நின்றுகொண்டு இந்த விஷயத்தைப் பேசினால் முத்துலட்சுமி ரெட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1886இல் இங்கே பிறந்தவர். ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில், மன்னர் அனுமதி கொடுத்த பிறகு, சேர்ந்து படித்தவர். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் பட்டத்தோடு வெளியே வந்தார். சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று அவர் செய்த மற்ற காரியங்களை இந்த மேடையில் பலர் பேசியிருப்பார்கள். எனக்கு வேண்டியது 1923. அந்த ஆண்டில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று காலத்தில் தெரியவில்லை. அக்காவே மருத்துவராக இருந்த வீட்டில் இது நடந்தது.

1925இல் லண்டன் போய் அங்கே புற்றுநோய் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா மேடையில், சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று அறிவித்தார். நிதி திரட்டும் வேலை இந்திய மாதர் சங்கத்தின் வழியாக 1949இல் தொடங்கியது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் அதன் கதவு திறந்தது. தங்கை போய் 31 ஆண்டு ஆகியிருந்தது. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு, வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் அன்று அதிகாரத்தில் இருந்தவர்களிடமே இருந்தது. ஊரில் குரலைத் தாழ்த்திப் பேசியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

தொடங்கும்போது 12 படுக்கை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 ஏப்ரலில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நடத்தினார்கள். சாந்தா அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தவர். அதை விட்டுவிட்டு, சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளவே அதிகம் இல்லாத ஒரு நோய்க்கு வந்தார். 2021 ஜனவரியில் 93ஆம் வயதில் மறையும் வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. நான் அந்த மருத்துவமனையில் வேலை பார்த்ததில்லை. நான் இருந்தது வேறு இடம், அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் என்னைப் போன்ற டெக்னீஷியன்களுக்கு அடையாறு ஒரு அளவுகோல். ‘அங்கே எப்படிச் செய்கிறார்கள்’ என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் மாற்றுவோம்.

அங்கே 1957இல் கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் மெஷின் வந்தது. கோபால்ட்-60 என்பது தானாகக் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும் ஓர் உலோகம். கனமான ஈயக் கூட்டுக்குள் அடைத்து வைத்து, வேண்டும்போது ஜன்னலைத் திறப்பதுபோல் திறந்து, வேண்டிய இடத்தில் கதிரைப் பாய்ச்ச வேண்டும். ஸ்விட்சைத் தட்டினால் நின்றுபோகிற சமாச்சாரம் இல்லை. ஜன்னலைச் சாத்தலாம், உள்ளே அது எரிந்துகொண்டேதான் இருக்கும். ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். புதிதாக இருக்கும்போது 2 நிமிஷத்தில் முடிகிற சிகிச்சைக்கு, கிழடான பிறகு 4 நிமிஷம் பிடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கைக்கு வந்ததும் கோபால்ட்தான். அது வயதாவதைப் பார்த்தேன், அதோடு நானும் வயதானேன்.

நம் ஜனங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. “அம்மாவுக்கு இன்னும் எத்தனை கரண்ட் பாக்கி, சார்?” என்று கேட்பார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டு மிரள்கிறவர்களுக்கு கரண்ட் பழகின பொருள், வீட்டில் இருப்பது. ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்வேன்: வெளியிலிருந்து வைக்கிற இந்தக் கரண்டில் எதுவும் உங்கள் உடம்பில் தங்காது, வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் மனசு கெட்டுப்போகும்.

இப்போது ஒரு கேள்வி. கட்டியைக் கதிர் கொல்லும் என்றால் ஒரே நாளில் மொத்தக் கதிரையும் கொடுத்து முடித்துவிடக் கூடாதா? ஏன் மாதக்கணக்கில் இழுக்க வேண்டும்? ஒவ்வொரு நோயாளியும் கேட்பார். கேட்காதவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வார், ஆஸ்பத்திரிக்காரன் பில் போடுவதற்காக இழுக்கிறான் என்றும் சேர்த்து.

பதில் ஒரு செம்மறிக் கிடாயிடம் இருக்கிறது. நம் பக்கத்தில் கிடா என்றால் வேறு ஞாபகம் வரும், அதை ஒதுக்கி வையுங்கள். சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் பாரிஸ் நகரத்தில் க்ளோடியஸ் ரெகோ என்ற விஞ்ஞானி கிடாய்களின் விதைப்பையில் கதிர் பாய்ச்சிப் பார்த்தார். ஒரே தடவையில் கிடாயை மலடாக்கும் அளவு கொடுத்தால் மேல்தோல் வெந்துபோனது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மலடானது, ஆனால் தோல் தப்பித்துக்கொண்டது. விதைப்பைக்குள் இடைவிடாமல் பெருகும் செல்களைக் கட்டிக்குச் சமமாக வையுங்கள், மேல்தோலைச் சுற்றியிருக்கும் நல்ல உறுப்புகளாக வையுங்கள். அவருடன் இருந்த ஆன்ரி கூட்டார் 1920களில் இதையே தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் செய்தார், குணமானவர்களைக் காட்டினார். ஒவ்வொரு நாள் அடிக்குப் பிறகும் நல்ல செல் இரவோடு இரவாகத் தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது. கெட்ட செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் தொழிலே நிற்கிறது.

வாய், தொண்டைப் புற்றுக்கு வழக்கமான கணக்கு ஒரு நாளைக்கு 2 கிரே, மொத்தம் 70 கிரே. கிரே என்பது கதிரை அளக்கிற அலகு, அதைப் பற்றி இதற்குமேல் வேண்டாம். வகுத்தால் 35 நாள். சனி, ஞாயிறு கிடையாது. ஆக 7 வாரம்.

இந்த 7 வாரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் நாள் மாஸ்க் செய்வோம். வெள்ளை பிளாஸ்டிக் தகடு, வலை மாதிரி துளை போட்டது. வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அப்பளமாவு போலக் குழையும். தண்ணீரை உதறி, சூட்டோடு முகத்தின் மேல் இழுத்துப் பிடித்து மேஜையில் பூட்டினால், ஆறும்போது மூக்கும் தாடையும் கன்னமும் அப்படியே பதிந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கூட்டுக்குள் முகத்தை நுழைத்துப் படுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அசையக் கூடாது. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். ஒன்றரை மீட்டருக்கு மேல் தடிமனான கான்கிரீட் சுவர், உள்ளே அவர் மட்டும். கேமராவில் பார்த்துக்கொண்டு மைக்கில் பேசுவோம். “முடிஞ்சிருச்சு ஐயா, இன்னும் ஒரு நிமிஷம்தான்” என்று நான் சொன்ன பொய்களுக்கு அளவில்லை.

மார்பு, வயிற்றுப் பகுதி என்றால் மாஸ்க் கிடையாது. தோலில் ஊதா மையால் கோடு போடுவோம். அந்தக் கோடுதான் எங்களுக்கு வழி. அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் சோப்புப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். ஒரு தீபாவளிக்கு மறுநாள் ஓர் அம்மா வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி, உடம்பில் ஒரு கோடு இல்லை. “நல்ல நாளும் பொழுதுமா எண்ணெய் தேய்க்காம இருக்க முடியுமா தம்பி?” என்றார். அன்று முழுக்க அவருக்கு மறுபடி அளவெடுத்தோம். நான் சிரித்தேன். கதிர் அளவைக் கணக்கிடும் எங்கள் பிசிசிஸ்ட் சிரிக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. நோயாளிக்குக் கூடத் தோன்றும், இவ்வளவுதானா என்று. மூன்றாவது வாரம் வாய்க்குள் சிவக்கும். நான்காவது வாரம் புண்ணாகும். எச்சில் வற்றும், ருசி போகும். உப்பும் புளியும் தீயாக எரியும், ஏன், வெறும் இட்லியே முள்ளாகக் குத்தும். கஞ்சி, மோர், ஆறின பால். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். இந்த வாரத்தில்தான் நோயாளி சொல்வார்: “சார், ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு, புண்ணு ஆறினதும் வந்துடறேன்.”

இதைவிட நியாயமான கோரிக்கை உலகத்தில் உண்டா? ஆனால் இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அடிபட்டுப் பிழைத்த புற்றுச்செல்கள் சுமார் நான்காவது வாரத்திலிருந்து முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. 1988இல் ராட்னி விதர்ஸ் என்ற மருத்துவ விஞ்ஞானியும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: அந்தக் கட்டத்துக்குப் பிறகு, போகிற ஒவ்வொரு நாளின் பெருக்கத்தையும் ஈடுகட்டுவதற்கே 0.6 கிரே அளவு தேவைப்படுகிறது. நாம் கொடுப்பதோ 2. அதாவது, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு வட்டிக்கே போய்விடுகிறது. ஒரு நாள் வராவிட்டால் அசலும் இல்லை, வட்டியும் ஏறும். கர்ப்பப்பை வாய்ப் புற்றிலும் இதே கதை. 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டிய சிகிச்சை அதைத் தாண்டினால், தாண்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படுகிற வாய்ப்பு சுமார் நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகிறது.

வாய்ப்புண் மிக மோசமாக இருக்கும் வாரமும், கையிருப்பு தீர்ந்துபோகும் வாரமும், கட்டி முழித்துக்கொள்ளும் வாரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

எனக்கு ஒரு கொத்தனார் ஞாபகம் இருக்கிறார். நாக்கின் ஓரத்தில் புற்று. மனைவியும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாள் வாடகைக்கு ஒரு அறை எடுத்திருந்தார்கள், ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. சிகிச்சைச் செலவு காப்பீட்டில் போய்விட்டது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்கிறதே, அது வந்த பிறகு சிகிச்சைக்குப் பணம் கட்ட முடியாமல் திரும்பிப் போகிறவர்கள் நன்றாகக் குறைந்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அறை வாடகையைக் காப்பீடு தராது. இரண்டு பேரின் 7 வாரக் கூலியையும் தராது. அவருடைய 22ஆம் கரண்ட் முடிந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனார், மகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று. திங்கட்கிழமை வரவில்லை. எங்கள் அட்டையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு. அவருக்கு 11 கட்டம் காலியாகக் கிடந்தது. திரும்பி வந்தபோது மெலிந்து, மாஸ்க்குக்குள் முகம் தொளதொளவென்று ஆடியது. வேறு மாஸ்க் செய்து, வேறு கணக்குப் போட்டு, முடித்து அனுப்பினோம். அதே ஆண்டில் அவருடைய மனைவி தனியாக வந்து ஃபைலின் நகலைக் கேட்டார், ஏதோ நலவாரியத்தில் கொடுக்க.

அந்த 11 கட்டத்தில் எங்களுடையதும் 2 உண்டு. அவர் திரும்பி வந்த நாளில் மெஷின் பழுது. சர்வீஸ் இன்ஜினியர் விமானத்தில் வரவேண்டும், உதிரிப்பாகம் அதற்குப் பிறகு வரவேண்டும். வரவேற்பறையில் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம். அப்போது எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஆஸ்பத்திரி வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. சாப்பாடு மருந்தின் பகுதி. உடம்பு இளைத்தால் மாஸ்க் தளரும், மாஸ்க் தளர்ந்தால் கதிர் இடம் மாறும். அப்படியென்றால் கஞ்சி ஊற்றுகிறவரும் கதிர்சிகிச்சைப் பிரிவின் ஊழியர்தான். 2013இல் சென்னையில் அம்மா உணவகங்கள் வந்தன. ஒரு ரூபாய் இட்லியும் 3 ரூபாய் தயிர்சாதமும் யாருக்கு என்ன செய்தன என்று அரசியல் மேடைகளில் சண்டை போடட்டும். எங்கள் வாய்ப்புண்காரர்கள் பலர் கடைசி இரண்டு வாரத்தை அந்தத் தயிர்சாதத்தைக் கரைத்துக் குடித்துத்தான் தாண்டினார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது. ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்புக் கட்டணம் கிடையாது, கூட வருகிறவருக்கும் பெரும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்குரிய சான்றிதழை எழுதி வாங்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பின்வரிசையில் ஓர் அம்மா தலையாட்டுகிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

அடையாறு மருத்துவமனையின் பெருமையாக நான் நினைப்பது, இப்படி ஆட்களைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டதைத்தான். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களையும் அவர்கள் விடவில்லை. கடிதம் போட்டுக் கேட்டார்கள், முகவரிக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று குறித்து வைத்தார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேடும் அவர்கள் பொறுப்பில் நடக்கிறது. அந்தப் பதிவேடு இருப்பதால்தான், ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்று இறங்கி, மார்பகப் புற்று அந்த இடத்துக்கு ஏறியது நமக்குத் தெரிகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றிலும் அப்படியே. 1980களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து மும்பை, டெல்லி, சென்னை மூன்றிடத்திலும் ஒரே மருந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிதாக இருந்த இடத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்க ஆரம்பித்தார்கள். மருந்துகள் அபூர்வமானவை அல்ல. சுமார் இரண்டு வருஷம், தவறாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதைச் செய்ய வைத்தார்கள்.

தவறாமல் வருவதற்குத் தங்க ஓர் இடமும் வேண்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை, 1941இல் திறந்தது, நாட்டிலேயே பெயர்பெற்றது. ஒரு பயிற்சிக்காக நான் அங்கே போயிருந்தேன். பரேல் நடைபாதையில் வரிசையாக நோயாளிகள், தலைமாட்டில் ஸ்கேன் பை, பக்கத்தில் பாத்திரம். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். உள்ளே இருக்கும் மருத்துவத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. தங்குமிடங்களும் இருக்கின்றன. வருகிற கூட்டத்துக்குப் போதவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம், அதற்காகத்தானே வந்தீர்கள்.

கோபால்ட்டுக்குப் பிறகு லினாக். இதில் மின்சாரம் உண்மையாகவே உண்டு, ‘கரண்ட்’ என்ற பெயர் கடைசியில் பொருந்திவிட்டது. எலெக்ட்ரானை வேகமாக ஓட்டி ஓர் உலோகத் தகட்டில் மோத வைத்தால் கதிர் கிளம்பும். அணைத்தால் நின்றுபோகும். கதிர் வரும் வாயில் மெல்லிய உலோக இலைகள், சீப்புப் பல் மாதிரி. கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அவை நகர்ந்து நகர்ந்து வழிவிடும். இதனால் உமிழ்நீர்ச் சுரப்பியை ஓரளவு ஒதுக்கிவிட்டுக் கட்டியை மட்டும் அடிக்க முடிகிறது. கோபால்ட் காலத்து நோயாளி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலோடு அலைவார். இன்றைய நோயாளிகளில் பலர் ஒரு வருஷத்தில் சாம்பார்சாதம் சாப்பிடுகிறார்கள். இதைக் குறைத்துப் பேசினால் நாக்கு அழுகும்.

அதற்கும் மேலே புரோட்டான். 2019இல் சென்னை தரமணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வந்தது, தெற்காசியாவிலேயே முதல். சாதாரணக் கதிர் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும், போகிற வழியெல்லாம் சுடும். புரோட்டான் குறித்த ஆழத்தில் போய்த் தன் சக்தியையெல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடும். மூளையிலும் முதுகுத் தண்டிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு இது பெரிய வரம். செலவு பல லட்சம். எல்லாப் புற்றுக்கும் இதுதான் நல்லது என்று விளம்பரம் பார்த்துவிட்டு நிலத்தை விற்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பேரைத் தடுத்திருக்கிறேன். அவர்களுக்கு அது தேவையே இல்லை.

ஆனால் என் தொழிலில் நான் பார்த்த பெரிய புதுமை எதுவென்று கேட்டால் ஒரு கழித்தல் கணக்கைச் சொல்வேன். மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பிறகு 25 நாள் கரண்ட் வைத்தோம், 5 வாரம். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்துச் சோதித்து, ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டி 15 நாளில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று 2008இல் வெளியிட்டார்கள். 2020இல் அதையும் 5 நாளாக்கி, 5 வருஷம் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, பலன் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பொருந்துகிறவருக்கு ஐந்தே நாள். திங்கட்கிழமை வந்தவர் வெள்ளிக்கிழமை ராத்திரி ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பலாம். எலும்புக்குப் பரவி வலியில் துடிக்கிறவருக்கு ஒரே ஒரு நாள், 8 கிரே, வலி குறைவதற்குப் பெரும்பாலும் அது போதும். இதை இன்னமும் 10 நாளாக இழுக்கும் இடங்கள் உண்டு. கேளுங்கள், ஏன் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

வாய், தொண்டைக்கு அப்படிப் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. சனிக்கிழமையும் சேர்த்து வாரம் 6 நாள் கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்தால் பலன் கூடுகிறது என்று டென்மார்க்கிலும், பிறகு ஏழை நாடுகள் பலவற்றிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை மெஷினைத் திறக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ‘அவ்வளவுதான்’ என்று சுலபமாகச் சொல்கிறேன். நானே ஒரு காலத்தில் சனிக்கிழமை வேலைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவன்.

இன்னொரு கழித்தல், தூரத்தில். மதுரை, கோவை, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இன்று லினாக் இருக்கிறது. இங்கிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்விட்டு ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். இருந்தும் இந்த ஊரிலிருந்து சென்னைக்குத்தான் ஓடுகிறார்கள். பெருநகரத்து ஆஸ்பத்திரி என்றால் கண்ணாடிச் சுவரும் லிப்டும் இருக்கும், நோய் சீக்கிரம் போகும் என்ற எண்ணம். சிக்கலான அறுவை என்றால், குழந்தை என்றால், அரிய வகைப் புற்று என்றால் பெரிய மையத்துக்குப் போகத்தான் வேண்டும். அங்கே பார்த்துத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, 35 நாளை வீட்டுக்குப் பக்கத்தில் கழிக்க முடியுமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். பல பேர் முடியும் என்பார்கள்.

மெஷினே தேவைப்படாத ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் ஒரு கிராமத்து மருத்துவமனை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் செவிலியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். சமையல் வினிகரின் சரக்குதான். கோளாறு இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். உடனே அங்கேயே சிகிச்சை. 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பரிசோதித்த ஊர்களில் அந்தப் புற்றால் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டிருப்பீர்கள் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். ஆண்கள் எழுந்து வெளியே போவதாக இருந்தால் சொல்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு சம்பவத்தோடு இறங்கிவிடுகிறேன்.

கீரமங்கலம் பக்கத்து ஆத்தா ஒருவர், கன்னத்தில் புற்று, புகையிலைப் பழக்கம். மருமகள் கூட வந்திருந்தார். 35 கட்டமும் நிரம்பின, ஒன்றுகூடக் காலியில்லை. மருமகள் ஒரு நாள் முன்னதாகவே டோக்கன் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார் என்று எங்களுக்குள் கேலி பேசுவோம். கடைசி நாள் கரண்ட் முடிந்து எழுந்த ஆத்தா, வாய் திறக்க முடியாமல், மாஸ்க்கைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: “தம்பி, என் மூஞ்சிய நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா?”

கொடுத்தேன். இல்லாவிட்டால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது அந்தப் பக்கம் போனேன். ஆத்தா பூக்கொல்லையில் குத்தவைத்துக் களை பறித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது, மற்றபடி ஆள் திடமாக இருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு, வாசல் ஓரத்தைக் கை காட்டினார். புதிதாக நட்ட முல்லைக் கன்றின் மேல் அந்த மாஸ்க்கைக் கவிழ்த்து, நாலு பக்கமும் கல் வைத்திருந்தார்.

“கோழி கிளறிப்புடுது தம்பி” என்றார்.

மூச்சு விடுவதற்காக மூக்குப் பக்கம் நாங்கள் வெட்டிவிட்டிருந்த துளை வழியாக, முல்லை இரண்டு இலை வெளியே விட்டிருந்தது.